ஞாயிற்றுக்கும் ஞாயிற்றுக்கும் நடுவில்: மாதிரி விமானம் பழகுவோருக்கான சிமுலேட்டர் கேள்வி பதில்

திருநெல்வேலிக்கு மேற்கே காய்ந்து கிடக்கும் ஒரு குளத்துப் பரப்பில், ஞாயிறு காலைகளில் ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். குளத்தங்கரையில் நின்று அவசரமாகச் சொல்லும் பதில் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. அதனால் சிமுலேட்டர் பற்றி, அதாவது கணினித் திரையில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள் பற்றி, எழுதி வைக்கிறேன். முதல் விமானத்தை இப்போதுதான் வாங்கியவர்களுக்கும், வாங்கி ஒன்றிரண்டு முறை உடைத்து ஒட்டியவர்களுக்கும் இது.

வாரம் ஒரு நாள் பறக்கிறேன். அது போதாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கநிலை விமானங்களில் பெரும்பாலும் 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி இருக்கும். நிதானமாக ஓட்டினால் சுமார் 8 நிமிடம் வரும். மூன்று பேட்டரி கொண்டுவந்தால் 24 நிமிடம். அதற்குள் மூன்று முறை ஏற்றுகிறீர்கள், மூன்று முறை இறக்குகிறீர்கள். மாதத்தின் நான்கு ஞாயிறும் தவறாமல் வந்தாலும் 12 இறக்கம்தான். சைக்கிள் பழகும் பிள்ளையிடம் மாதத்துக்கு 24 நிமிடத்தை நான்கு தடவை கொடுத்து, நடுவில் சைக்கிளைத் தொடவே கூடாது என்று சொன்னால் எப்போது பழகுவான்?

சிமுலேட்டரில் ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவதற்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இருபது நிமிடம் உட்கார்ந்தால் பதினைந்து இறக்கம். ஒரு மாதம் களத்தில் கிடைப்பதைவிட அதிகம், அதுவும் ஒரே மாலையில்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை களத்தில் செய்த தவறு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் சிமுலேட்டர் முன் உட்கார வேண்டும். வெறுமனே பொழுதுபோக்காக ஓட்டினால், ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பீர்கள். தெரியாதது தெரியாததாகவே இருக்கும்.

நம் பக்கத்தில் எந்த மாதங்களில் பறக்கலாம்?

இதற்கு நேர்மையான பதில்: நினைப்பதைவிடக் குறைவான நாட்களில்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, நெருக்கிக்கொண்டு பாய்கிறது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாட்களில் நமக்கு மழை இல்லை, காற்றுதான். கயத்தாறு, பணகுடி, முப்பந்தல் பக்கங்களில் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அதுதான். மின்வாரியத்துக்கு நல்ல காலம். ஒரு கிலோகூட எடை இல்லாத நுரைப்பலகை விமானத்துக்கோ அது கெட்ட காலம். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் புதியவர் விமானத்தைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது. ஆடி மாதத்தில் விடிவதற்கு முன்பே பனை ஓலைகள் சலசலக்கும். அந்தச் சத்தம் வீட்டிலேயே கேட்டுவிட்டால் களத்துக்குப் புறப்பட வேண்டியதில்லை.

செப்டம்பர் கடந்து காற்று அடங்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, பிறகு குளத்தில் தண்ணீர். வயல்களில் பிசானப் பருவத்து நெற்பயிர் நிற்கும். அதில் விமானம் இறங்கினால் எடுக்க இறங்கக்கூடாது, அது ஒருவருடைய உழைப்பு. வரப்பில் நின்று வயல்காரரைக் கேட்டு, அவர் சொல்லும் வழியில்தான் போக வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை காலை நேரத்தில் காற்று மிக அமைதியாக இருக்கும். ஆனால் குளம் நமக்குக் கிடையாது, ஏதாவது பொட்டல் பார்க்க வேண்டும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் குளம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், இடம் தாராளமாகக் கிடைக்கும். அப்போதும் காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரைதான். ஒன்பதைத் தாண்டினால் தரை சூடாகி, வெப்பக்காற்று மேலெழுந்து விமானத்தைத் தூக்கியும் அமுக்கியும் ஆட்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு சிமுலேட்டர் வசதி அல்ல, அவசியம் என்று நான் சொல்வது இதனால்தான். ஆண்டில் பாதிக்கு மேல் வானம் நம்மை உள்ளே விடாது.

எந்த சிமுலேட்டர் வாங்குவது? என்னென்ன தேவை?

பைகாசிம், சிஆர்ஆர்சி சிம் இரண்டும் இலவசம். தொடங்க அவையே போதும். ரியல்ஃபிளைட், ஏரோஃபிளை போன்றவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும். அவற்றில் காற்றின் போக்கும் விமானத்தின் எடையும் இன்னும் இயல்பாக இருக்கும். எது என்பதைவிட, உங்கள் சொந்த டிரான்ஸ்மிட்டரை, அதாவது விமானத்தை இயக்கக் கையில் பிடிக்கும் ரேடியோக் கருவியை, கணினியில் இணைத்துப் பழகுவதுதான் முக்கியம். கீபோர்டிலோ செல்போன் கண்ணாடியிலோ பழகினால் விரலுக்கு எதுவும் போய்ச் சேராது. எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருள் உள்ள டிரான்ஸ்மிட்டர்கள் யூஎஸ்பி கேபிளிலேயே இணையும். ஃபிளைஸ்கை ஐ6 போன்றவற்றுக்குப் பின்பக்கத்துப் பயிற்சித் துளையில் செருகும் சிமுலேட்டர் கேபிள் தனியாகக் கிடைக்கிறது.

இணைக்கும் முன் விமானத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரை இயக்கியிருக்கும்போது பக்கத்து மேசையில் பேட்டரியோடு விமானம் கிடந்தால், சிமுலேட்டரில் நீங்கள் ஏற்றும் த்ராட்டிலுக்கு (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்) அங்கே உண்மையான ப்ரொப்பெல்லர் சுழலக்கூடும்.

நின்றுகொண்டு பழகுங்கள். களத்தில் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து ஓட்டுவதில்லை. டிரான்ஸ்மிட்டரைத் தொங்கவிடும் கழுத்துப்பட்டி போடுபவரானால் வீட்டிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

சிமுலேட்டரில் எந்த விமானத்தைத் தேர்ந்தெடுப்பது?

உங்களுடையதைப் போன்றது. உடலுக்கு மேலே இறக்கை, இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 1200 மில்லிமீட்டர், மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானம். பட்டியலில் ஜெட்டும் போர்விமானமும் இருக்கும். அவற்றில் ஒரு வாரம் ஓட்டிவிட்டு வருகிறவரின் கை களத்தில் ஸ்டிக்கை வெட்டி வெட்டி இழுக்கும். பயிற்சி விமானத்துக்கு அந்தக் கை ஆகாது.

விமானம் என்னை நோக்கி வரும்போது கை குழம்பிவிடுகிறது. என்ன செய்வது?

புதியவர்கள் விமானத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

விமானம் உங்களைவிட்டு விலகிப் போகும்போது அதன் வலதும் உங்கள் வலதும் ஒன்று. திரும்பி உங்களை நோக்கி வரும்போது இரண்டும் மாறிவிடுகின்றன. வலது பக்கம் தள்ளினால் உங்கள் கண்ணுக்கு அது இடது பக்கம் சாயும். மனம் இதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நேரம் கடந்துவிடும்.

என் இரண்டாவது விமானம் அப்படித்தான் போனது. சித்திரை மாதக் காலை, காற்றே இல்லை. குளத்தின் தென்கோடியில் திருப்பி என்னை நோக்கி வரவிட்டேன். என் வலது கைப்பக்கம் இருந்த இறக்கை தாழ்ந்தது. பதற்றத்தில் ஸ்டிக்கை இடது பக்கம் தள்ளினேன். இறக்கை இன்னும் தாழ்ந்தது. இன்னும் தள்ளினேன். கட்டைவிரல் ஸ்டிக்கின் எல்லையில் முட்டிக்கொண்டு நின்றதை இன்றும் உணர முடிகிறது. விமானம் கரையோரத்து உடைமரத்துக்குள் போய் மூக்கு பிளந்து கிடந்தது. முள்ளுக்குள் கைவிட்டு எடுக்க அரைமணி நேரம் ஆனது. விமானத்தில் ஒரு குறையும் இல்லை. கட்டைவிரலுக்குத்தான் தெரியவில்லை.

அன்று கரையில் இருந்த மூத்தவர் ஒரே வரி சொன்னார்: எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைக் கொண்டுபோய் முட்டுக்கொடு. சாய்கிற பந்தலுக்குக் கால் ஊன்றுவது போல. விமானம் எதிரே வரும்போது மட்டும் பொருந்துகிற விதி இது, ஆனால் ஒருமுறைகூடப் பொய்க்காது. இடது வலது என்று எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

சிமுலேட்டரில் இதை இப்படிப் பழகலாம். நல்ல உயரத்துக்கு ஏற்றி, தூரத்தில் திருப்பி, பாதி த்ராட்டிலில் உங்கள் தலைக்கு மேல் நேராக வரவிடுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம், இறக்கையைச் சமமாக வைத்தால் போதும். தலையைக் கடந்ததும் அப்பால் கொண்டுபோய்த் திருப்பி மறுபடி வரவிடுங்கள். ஒரு மாலைக்குப் பத்துத் தடவை. கையில் பதற்றம் போன பிறகு, எதிரே வரும்போதே வலமும் இடமும் மென்மையாகத் திருப்பிப் பாருங்கள். அதற்கும் பிறகு எட்டு போடுங்கள். எட்டின் ஒவ்வொரு வளைவிலும் விமானம் ஒருமுறை உங்களைப் பார்க்கும், ஒருமுறை முதுகு காட்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து வரும் கல்லூரித் தம்பி ஒருவர், “அண்ணாச்சி, சொன்னால் புரிகிறது, கை கேட்கமாட்டேன் என்கிறது” என்று தலையைக் குனிந்து நின்றார். இரண்டு வாரம் தினமும் இருபது நிமிடம் இதை மட்டும் செய்யச் சொன்னேன். மூன்றாவது ஞாயிறு விமானத்தை எதிரே வரவிட்டுத் திருப்பினார். ஸ்டிக்கில் இருந்த விரல் அரை சென்டிமீட்டர்கூட நகரவில்லை. வாய் பேசிக்கொண்டே இருந்தது. விரல் கற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

காற்றோடு திரும்பும்போது விமானம் திடீரென்று சுழன்று விழுந்தது. ஏன்?

மேல்காற்று வீசும் நாட்டில் இருக்கும் நாம் இதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

விமானத்தைத் தாங்குவது இறக்கையின் மேல் ஓடும் காற்றின் வேகம். தரையில் நின்று நாம் பார்க்கும் வேகம் வேறு. உங்கள் விமானம் காற்றுக்குள் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது, மேற்கிலிருந்து 15 கிலோமீட்டர் காற்று வீசுகிறது என்று வையுங்கள். மேற்கு நோக்கிப் போகும்போது தரைக்கு மேல் 20 கிலோமீட்டராகத் தெரியும். கிழக்கு நோக்கித் திரும்பினால் 50. ஒரே விமானம், ஒரே த்ராட்டில். ஆனால் கண்ணுக்கு விமானம் பாய்ந்து ஓடுவது போலத் தோன்றும். புதியவர் பயந்து த்ராட்டிலைக் குறைப்பார். காற்றுக்குள் உள்ள வேகம் 35லிருந்து 25க்கு இறங்கும். அந்த நேரத்தில் இறக்குவதற்காகச் சாய்த்துத் திருப்பி, மூக்கை உயர்த்தும் எலிவேட்டரையும் இழுத்தால், ஒரு இறக்கை தாங்கும் சக்தியை இழந்து விமானம் திருகிக்கொண்டு விழும். ஸ்டால் என்பது இதுதான். முப்பதடி உயரத்தில் இது நடந்தால் மீட்க இடம் இல்லை.

சிமுலேட்டரில் காற்றை மணிக்கு 15 அல்லது 20 கிலோமீட்டர் என்று வையுங்கள். சில சிமுலேட்டர்களில் இயல்பாகவே அது பூஜ்யத்தில் இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. முதலில் உயரத்தில் வேண்டுமென்றே ஸ்டால் செய்து பாருங்கள். த்ராட்டிலை முழுதும் குறைத்து எலிவேட்டரை மெதுவாக இழுத்துக்கொண்டே இருங்கள். விழுவதற்கு முன் விமானம் தளர்ந்து, ஸ்டிக்கின் சொல்லுக்கு மெதுவாகவே அசையும். அந்தத் தளர்ச்சியை விரலுக்குப் பழக்குங்கள். மீட்க, எலிவேட்டரை விட்டு, மூக்கைத் தாழவிட்டு, த்ராட்டிலை ஏற்றுங்கள். பிறகு காற்றோடு போகும் பக்கத்தில் த்ராட்டிலைக் குறைக்காமல், கண் என்ன சொன்னாலும் கேட்காமல், முழுச் சுற்று முடித்து எதிர்க்காற்றில் இறக்கிப் பழகுங்கள்.

சிமுலேட்டரில் அழகாக இறக்குகிறேன். களத்தில் முடியவில்லையே?

மூன்று காரணங்கள். பல சிமுலேட்டர்கள் விமானம் தூரமாகப் போனால் தாமாகவே படத்தைப் பெரிதாக்கிக் காட்டும். களத்தில் உங்கள் கண்ணுக்கு அந்த வசதி கிடையாது. அமைப்பில் அதை அணைத்துவிடுங்கள். இரண்டாவது, திரையில் ஆழம் தெரியாது. விமானம் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் களத்தில்தான் கண் கற்கும். ஆனால் நிழலைப் பார்க்கும் பழக்கத்தை இரண்டு இடத்திலும் வளர்க்கலாம். இறங்கும்போது விமானமும் அதன் நிழலும் ஒன்றையொன்று நெருங்கும். சக்கரமும் நிழலும் சேரும் இடத்தில் தரை இருக்கிறது. காய்ந்த குளத்தின் வெளிறிய வண்டலில் காலை நிழல் கோடு போட்டது போலத் தெரியும்.

மூன்றாவது காரணம்தான் பெரியது: மறுதொடக்கப் பொத்தான். விழுந்த அடுத்த நொடியே புது விமானம் வந்து நிற்கிறது. இழப்பு இல்லாத இடத்தில் கவனமும் இருக்காது. அதற்கு நான் வைத்திருக்கும் வழி இது. விழுந்தால் பொத்தானைத் தொடாமல் டிரான்ஸ்மிட்டரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து முற்றம் வரை நடந்து வர வேண்டும். நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும்: விழும்போது விமானம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, என் விரல் எங்கே இருந்தது. ஒரு வாரம் எழுதிவிட்டுப் பக்கங்களைப் புரட்டினால் ஒரே தவறு ஐந்து உடையில் வந்திருப்பது தெரியும்.

வாரத்தில் எப்படிப் பிரித்துப் பழகுவது?

ஞாயிறு களத்திலிருந்து திரும்பியதும், குளிப்பதற்கு முன்பே, அன்று தவறாகிப்போன ஒரு விஷயத்தை நோட்டில் எழுதுங்கள். ஒன்றே ஒன்று. “இடது பக்கம் திரும்பும்போது உயரம் இழக்கிறேன்” என்பது போல. திங்கள் முதல் வியாழன் வரை தினமும் இருபது நிமிடம் அதை மட்டும் செய்யுங்கள். அதற்கு மேல் உட்கார்ந்தால் கை சோர்ந்து தவறையே பழக்கமாக்கிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மோட்டார் நின்றுபோனதாக வைத்து த்ராட்டிலை முழுதும் இறக்கிவிட்டு வெவ்வேறு இடங்களிலிருந்து தரை சேர்த்துப் பாருங்கள். சனிக்கிழமை இரவு ஏற்றம், செவ்வகச் சுற்று, இறக்கம், அவ்வளவுதான். அப்படியே பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிடலாம். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள், சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

வீட்டில் இதைக் கணினி விளையாட்டு என்கிறார்கள். என்ன சொல்வது?

எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929இல் விமானப் பயிற்சிப் பொறி ஒன்றைச் செய்தார். அவர் குடும்பத் தொழில் ஆர்கன் இசைக்கருவி செய்வது. அந்த ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்தே பொறியைச் சாயவும் திரும்பவும் வைத்தார். முதலில் கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் ஏற்றிப் பறக்கத் தொடங்கி, மோசமான வானிலையில் பலர் உயிரிழந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கான விமானிகள் அதில் பழகினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைத் தரையிலேயே பிணைத்து எரித்துச் சோதித்த பிறகுதான் ஏவுதளத்துக்கு அனுப்புகிறது. தரையில் தவறு செய்து பார்ப்பது வானத்துக்குக் கொடுக்கும் மரியாதை. இதை வீட்டில் சொல்லுங்கள். நோட்டையும் காட்டுங்கள். என் வீட்டில் நோட்டைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள்.

எங்கே பறக்கக்கூடாது?

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் காட்டப்பட்டுள்ளது. பச்சை மண்டலத்தில்கூட 400 அடிதான் எல்லை. நம் பக்கத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் கடற்படைத் தளம், வாகைக்குளம் விமான நிலையம் இருக்கின்றன. பொட்டல் காலியாக இருக்கிறது என்று நம்பி இறங்காமல், ஒவ்வொரு புது இடத்தையும் முதலில் வரைபடத்தில் பாருங்கள். ஆடு மேய்ப்பவர்களும் பிள்ளைகளும் நடமாடும் பக்கம் எப்போதும் வேண்டாம்.

சிமுலேட்டர் கற்றுத்தராதது எது?

எடைமையம் சரிபார்ப்பது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள தூரத்தில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைக்குள் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். சரியான இடம் உங்கள் விமானத்தின் கையேட்டில் இருக்கும். ஏற்றும் முன் எய்லரான் (இறக்கையைச் சாய்க்கும் தகடு), எலிவேட்டர், ரட்டர் (வாலில் உள்ள சுக்கான்) சரியான பக்கம் அசைகின்றனவா என்று பார்ப்பது. ப்ரொப்பெல்லருக்கு முன்னால் கை நீட்டாமல் இருப்பது. லித்தியம் பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாமல் இருப்பது, பறக்காத மாதங்களில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துப் பாதுகாப்பது. கண்ணில் குத்தும் கிழக்கு வெயில். விமானத்தை விசாரிக்க வட்டமிட்டு இறங்கும் பருந்து. இவையெல்லாம் களத்துப் பாடங்கள்.

ஐப்பசியில் நிறுத்தியவன் தையில் எப்படி மறுபடி தொடங்குவது?

மழை மாதங்களிலும் வாரம் மூன்று நாளாவது சிமுலேட்டரை விடாதிருந்தால் விரல் மறக்காது, கண்தான் மறந்திருக்கும். தொடங்குவதற்கு முந்தைய வாரம் முழுதும் ஏற்றமும் இறக்கமும் மட்டும் செய்யுங்கள். விமானத்தின் ஒட்டிய இடங்களையும், தகடுகளை அசைக்கும் சர்வோ மோட்டார்களின் கம்பி முனைகளையும், இறக்கை ரப்பர்களையும் பாருங்கள், ஈரத்தில் பசை விட்டிருக்கும். ரேஞ்ச் சோதனை செய்யுங்கள், அதாவது டிரான்ஸ்மிட்டரின் சொல் தூரத்திலும் எட்டுகிறதா என்று பாருங்கள். காற்று அசையாத காலையில் முதல் பேட்டரியை நல்ல உயரத்திலேயே, பெரிய வளைவுகளில் செலவிடுங்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே இறக்கத்துக்கு வாருங்கள், முதல் முயற்சி சரியில்லை என்றால் த்ராட்டிலை ஏற்றி மறுபடி சுற்றிவர அப்போதுதான் மின்சாரம் மிச்சமிருக்கும். பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று, காற்றின் திசையையும் கடந்த நிமிடங்களையும் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கட்டும்.